காதால் பார்த்த போர்

(சேர்வராயன் மலையில், கரடியூரில் வாசகர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



என்னை அழைத்தவர்கள் "உங்களுக்குப் பிடித்த ஒரு போர்ப்படம் பற்றிப் பேசுங்கள்" என்றார்கள். குண்டு வெடிக்கும் ஆங்கிலப் படம் எதையாவது சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பார்கள். நான் எடுத்துக்கொண்டது 'வீரபாண்டிய கட்டபொம்மன்'. பி. ஆர். பந்துலுவின் பத்மினி பிக்சர்ஸ், 1959 மே மாதம். வசனம் சக்தி கிருஷ்ணசாமி. பாஞ்சாலங்குறிச்சிப் பாளையக்காரர் கட்டபொம்மனாக சிவாஜி கணேசன். அறிமுகம் இவ்வளவு போதும். கதை தெரியாதவர் இந்தக் கூட்டத்தில் இருக்க முடியாது. வசனமும் உங்களுக்குத் தெரியும் என்பதால் அதை இங்கே ஒப்பிக்கப் போவதில்லை. நான் ஒரு வரி தொடங்கினால் நீங்கள் எல்லோரும் சேர்ந்து முடித்துவிடுவீர்கள். பிறகு என் பேச்சை யார் கேட்பது?

இந்தப் படத்தில் குதிரை இருக்கிறது, பீரங்கி இருக்கிறது, கோட்டை இடிகிறது. போர்க் காட்சிகளுக்காக ஜெய்ப்பூர் வரை போனார்கள். கேவாகலரில் எடுத்து, லண்டனுக்கு அனுப்பி டெக்னிகலர் பிரதி எடுத்தார்கள். அந்தக் காலத்தில் தமிழ்ப் படத்துக்கு அது பெரிய செலவு. இவ்வளவு செய்தும், படம் பார்த்த ஒருவரைப் பிடித்து உங்களுக்கு நினைவிருப்பது எது என்று கேளுங்கள். குதிரையைச் சொல்ல மாட்டார். ஒரு அறைக்குள் இரண்டு பேர் நின்று பேசியதைத்தான் சொல்வார். சொல்வது என்ன, கையை இடுப்பில் வைத்துக்கொண்டு செய்தே காட்டிவிடுவார்.

மலையில் வளர்ந்த என் வயதுக்காரர்கள் பலர் இந்தப் படத்தைக் கண்ணால் பார்ப்பதற்கு முன் காதால் கேட்டவர்கள். திருவிழா வந்தால் மைக் செட்காரர் வருவார். சில்வர் ஓக் மரத்தில் ஏறிக் கூம்பு ஒலிபெருக்கியைக் கட்டுவார். காலையில் பக்திப் பாட்டு, மத்தியானம் சினிமாப் பாட்டு, சாயங்காலம் கூட்டம் சேரும் நேரத்துக்குக் கதை வசன இசைத்தட்டு. ஒரு குன்றில் போட்டால் அடுத்த குன்று வரை கேட்கும். பள்ளத்தில் காப்பிப் பழம் பறிப்பவர்கள் கையை நிறுத்தாமலே கேட்பார்கள். வானொலியில் ஞாயிற்றுக்கிழமை ஒலிச்சித்திரம் என்று முழுப் படத்தையும் சுருக்கி ஒலியாக மட்டும் போடுவார்கள். பின்னால் கேசட் வந்தது. இப்படித் திரை இல்லாமலே ஒரு போர்ப்படம் ஊர் ஊராகப் போயிருக்கிறது. ஒலியை மட்டும் கேட்டு முழுதாக ரசிக்கக்கூடிய வேறு போர்ப்படம் எது என்று யோசித்துப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் அகப்படவில்லை.

இதில் நமக்கு ஒரு பக்கத்து வீட்டு உரிமையும் உண்டு. படமாவதற்கு முன் இது நாடகம். சிவாஜி நாடக மன்றத்துக்காக சக்தி கிருஷ்ணசாமி எழுதியது. அந்த நாடகம் முதன்முதலில் மேடையேறிய இடம் சென்னை அல்ல, திருநெல்வேலியும் அல்ல. மலையிலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கினால் வருகிற நம் சேலம்தான். 1957 ஆகஸ்ட் 28, சேலம் பொருட்காட்சி. அப்பளமும் பஞ்சுமிட்டாயும் வாங்கிக்கொண்டு உட்கார்ந்த சேலத்துக்காரர்கள்தான் அந்த வசனத்தை முதலில் கேட்ட பொதுமக்கள். நாடகம் பிறகு ஊர் ஊராக நடந்து, வசூலில் பெரும்பகுதி பள்ளிகளுக்கும் கல்லூரிகளுக்கும் நன்கொடையாகப் போனது. அதைப் பார்த்துத்தான் பந்துலு படமாக எடுக்க முன்வந்தார்.

சேலத்தில் தொடங்கியதற்குத் தனிக் காரணம் எதுவும் இருந்திருக்க வேண்டியதில்லை. பொருட்காட்சி நடந்தது, கூப்பிட்டார்கள், வந்தார்கள், அவ்வளவுதான். ஆனால் வசனத்தை ருசிக்கத் தெரிந்த ஊர் சேலம். ஏற்காடு சாலையில் இன்றும் முகப்பு வளைவு மட்டும் நிற்கிறதே, மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டுடியோ, அங்கேதான் டி. ஆர். சுந்தரம் 'மந்திரி குமாரி'யை 1950இல் தயாரித்தார். கருணாநிதி சேலத்தில் தங்கி வசனம் எழுதிய காலம் அது. அதற்கும் முன்னால், 1942இல், ஜூபிடரின் 'கண்ணகி'யில் இளங்கோவன் தமிழ் சினிமாவுக்கு ஒரு பேச்சு நடையை உண்டாக்கிக் கொடுத்திருந்தார். வசனத்தைப் புத்தகமாக அச்சடித்து விற்கிற வழக்கமும், அதை வாங்கி மனப்பாடம் செய்கிற வழக்கமும் வந்துவிட்டன.

ஒரு வேடிக்கை. அதே மாடர்ன் தியேட்டர்ஸ் அசல் போர்ப்படம் ஒன்றையும் எடுத்திருக்கிறது. 'பர்மா ராணி', 1945. இரண்டாம் உலகப் போர், ஜப்பானியர் பிடியில் பர்மா, அங்கே இறங்கும் விமானப்படையினர் என்று கதை. போர் ஆதரவுப் படம் எடுக்கச் சொல்லி வெள்ளை அரசாங்கம் தயாரிப்பாளர்களை நெருக்கிய நேரம். உலகமே செய்தித்தாளில் படித்துக்கொண்டிருந்த யுத்தம், சுடச்சுடத் திரையில். அதில் ஒரு வசனத்தை யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? நான் கேட்டதில்லை. நூற்றைம்பது வருஷத்துக்கு முந்திய ஒரு சின்னப் பாளையத்தின் சண்டை நம் நாக்கில் இருக்கிறது, அந்த உலகப் போர் இல்லை.

சரி, கட்டபொம்மனும் கலெக்டர் ஜாக்சனும் மோதும் அந்த ஜாக்சன் காட்சிக்கு வருவோம். வராமல் விடமாட்டீர்கள்.

முதலில் எதிரே நிற்பவரைப் பாருங்கள். சி. ஆர். பார்த்திபன். ஜாக்சன் துரையாக நடித்தவர். வாழ்நாள் முழுக்க அந்தப் பெயராலேயே அவரை அடையாளம் சொன்னார்கள். சிவாஜியைப் புகழ்கிற அவசரத்தில் இவரை எல்லோரும் மறந்துவிடுகிறோம். கத்திக் கத்திப் பேசுகிற காட்சிக்கு, நன்றாகக் கேட்கத் தெரிந்த நடிகர் ஒருவர் வேண்டும். பார்த்திபன் அவசரப்படவே இல்லை. சின்னக் கேள்வி, அதிகாரிக்கே உரிய அலட்சியம், பிறகு காத்திருப்பு. முதல் கேள்வி ஆள் அடையாளம் கேட்பது. அதே கேள்வி, அதே அளவில், பெயர் மட்டும் மாறித் திரும்பி வருகிறது. கிழக்கிந்தியக் கும்பெனி அதிகாரியும் பாளையக்காரனும் சமம் என்பதை அந்த ஒரு திருப்பத்திலேயே நிறுவியாயிற்று. அதன்பின் சிறிது நேரம் இருவருக்கும் சம நீளத்தில்தான் பேச்சு. குரலும் உயரவில்லை. சிரிப்புக்கூட இருக்கிறது.

வரி என்ற பேச்சு வந்ததும்தான் அணை உடைகிறது. அந்த நீண்ட பதிலை வெறும் ஆவேசம் என்று நினைப்பவர்கள் இன்னொரு முறை கேட்க வேண்டும். அது ஒரு வழக்கறிஞரின் வாதம். முதலில் கட்டபொம்மன் வானத்தையும் மண்ணையும் எடுக்கிறான். மழை பெய்வதும் பயிர் விளைவதும் யார் தயவாலும் இல்லை, ஆகவே அந்த வகையில் உனக்குப் பங்கில்லை. அடுத்து உழைப்பு. வயல் வேலைகளை ஒவ்வொன்றாகச் சொல்லி, இதைச் செய்தாயா, அதைச் செய்தாயா என்று கேட்கிறான். இல்லை, ஆகவே அந்த வகையிலும் பங்கில்லை. பிறகு வயலை விட்டு வீட்டு வாசலுக்கு வருகிறான். வேலை செய்கிற ஆளுக்குச் சோறு கொண்டு போவது, வீட்டுப் பெண்களுக்கு மஞ்சள் அரைப்பது. அதிலும் இல்லை. கடைசியில் உறவுமுறை. சொந்தக்காரனாக இருந்தாலாவது கேட்கலாம், அதுவும் இல்லை. இயற்கை, உழைப்பு, வீடு, உறவு. ஒருவன் இன்னொருவன் விளைச்சலில் கைநீட்டுவதற்கு இருக்கக்கூடிய எல்லாக் கதவையும் வரிசையாகச் சாத்திவிட்டுத்தான் வசைக்கு வருகிறான். வசை வரும்போது எதிராளிக்குப் பதில் சொல்ல இடமே இல்லை.

கிராமத்தில் களத்துமேடு பார்த்தவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். நெல் அடித்து முடிந்ததும் யார் யார் வந்து நிற்பார்கள்? தச்சர், கொல்லர், துணி வெளுத்தவர், முடி திருத்தியவர், நீர் பாய்ச்சியவர். வருஷம் முழுக்கச் செய்த வேலைக்கு அங்கே அளந்து கொடுப்பார்கள். அக்கா தங்கைக்கு ஒரு மூட்டை போகும். வேலையோ உறவோ இல்லாதவன் களத்துக்கு வருவதில்லை. சக்தி கிருஷ்ணசாமி அந்தக் களத்துமேட்டு நியாயத்தைத் தூக்கி கலெக்டர் முன்னால் வைத்தார். நகரத்துக்காரன் கைதட்டியது வீரத்துக்காக இருக்கலாம். குடியானவன் கைதட்டியதற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

இங்கே ரசிகன் கொஞ்சம் தலையைச் சொறிய வேண்டியிருக்கிறது. பாளையக்காரரும் வரி வாங்கியவர்தான். தேசகாவல், ஸ்தலகாவல் என்று ஊர்களிடம் வாங்கினார்கள். பாஞ்சாலங்குறிச்சிச் சீமையில் ஒரு சம்சாரி எழுந்து அதே பட்டியலைக் கட்டபொம்மனைப் பார்த்து வாசித்திருந்தால் என்ன பதில் வந்திருக்கும்? காவல் காத்தேன் என்றாவது சொல்லியிருப்பார். அந்தப் பதில் எவ்வளவு தூரம் செல்லும் என்பது வேறு விஷயம். படம் அந்தப் பக்கம் போகவில்லை. போயிருந்தால் அது வேறு படம்.

எழுதியவருக்கும் பேசியவருக்கும் பழைய தொடர்பு உண்டு. 'பராசக்தி'க்கு முன், வி. சி. கணேசனாக இருந்த காலத்தில், சிவாஜி நடித்த குழுக்களில் ஒன்று சக்தி நாடக சபா. கிருஷ்ணசாமியின் பெயருக்கு முன்னால் இருக்கிற 'சக்தி' அதிலிருந்து வந்ததுதான். ஆக, இந்த நடிகருக்கு மூச்சு எவ்வளவு நேரம் பிடிக்கும், எந்த எழுத்தில் குரல் நன்றாக விழும் என்று தெரிந்த ஒருவர் எழுதிய வசனம் இது. மூச்சு விடுகிற இடங்கள் வாக்கியத்திலேயே தைத்து வைக்கப்பட்டிருக்கின்றன. பள்ளிக்கூட மேடையில் இதைப் பேசிய பையன்களைக் கேட்டுப் பாருங்கள். மூச்சு வாங்குகிற இடம் எல்லோருக்கும் ஒரே இடமாகத்தான் இருக்கும். ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையில் கடைசி பெஞ்சுக்காரன் வரை குரலைக் கொண்டு சேர்த்துப் பழகிய பாய்ஸ் கம்பெனி நடிகருக்கு, மைக் முன்னால் அவ்வளவு குரல் தேவையே இல்லை. தேவையில்லாத அந்த அதிகம்தான் இங்கே அழகு. இயல்பாக நடிப்பதுதான் நடிப்பு என்று சொல்லும் நண்பர்களோடு நான் இதில் மட்டும் சமாதானம் செய்துகொள்வதில்லை. ராஜசபையில் பேசுகிறவன் காப்பிக் கடையில் பேசுகிற மாதிரி ஏன் பேச வேண்டும்?

சிவாஜிக்கு இந்தப் பாத்திரத்தின் மேல் இருந்த ஆசை சின்ன வயதிலிருந்தே தொடங்கியது. பையனாக இருந்தபோது கட்டபொம்மன் கூத்து ஒன்றைப் பார்த்துத்தான் நடிகனாக வேண்டும் என்று வீட்டை விட்டு நாடகக் கம்பெனிக்கு ஓடியதாக அவரே சொல்லியிருக்கிறார். 1960இல் கெய்ரோவில் நடந்த ஆசிய-ஆப்பிரிக்கத் திரைப்பட விழாவில் சிறந்த நடிகர் விருது இந்தப் படத்துக்காக அவருக்குக் கிடைத்தது. இசைக்கான விருது ஜி. ராமநாதனுக்கு. தமிழ் தெரியாத நடுவர்கள் அந்த வசனத்தில் என்ன கேட்டார்கள் என்று எனக்கு எப்போதும் ஒரு வியப்பு.

இப்போது நிஜத்தில் என்ன நடந்தது என்று பார்க்கலாம். படத்தைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. நிஜம் தெரிந்தபின் எனக்குப் படத்தின் மேல் மதிப்பு கூடியது.

1798 மே முடிவில் கட்டபொம்மன் தரவேண்டிய பாக்கி 3,310 பகோடா நாணயம் என்று கும்பெனிக் கணக்கு. திருநெல்வேலிச் சீமை கலெக்டர் காலின் ஜாக்சன் அவரை வரச் சொல்லி ஓலை அனுப்பினார். குற்றாலத்தில் சந்திக்கப் போனால், பார்க்கவில்லை. ஊர் ஊராகத் துரை முன்னால் போக, பாளையக்காரர் பின்னால் போக, கடைசியில் இராமநாதபுரத்தில் செப்டம்பர் மாதம் சந்திப்பு. அங்கேயும் உட்கார இடம் கொடுக்கவில்லை, மணிக்கணக்கில் நிற்க வைத்தார்கள். கணக்கைச் சரிபார்த்தபோது மீதி பாக்கி 1,080 பகோடாதான் என்று தெரிந்தது. அவரைப் பிடித்துவைக்கப் பார்த்ததில் கோட்டை வாசலில் கைகலப்பு. ஊமைத்துரை ஆட்களோடு வந்து அண்ணனை மீட்டார். லெப்டினன்ட் கிளார்க் கொல்லப்பட்டார். செயலாளர் சிவசுப்பிரமணிய பிள்ளை பிடிபட்டார்.

இந்தச் சந்திப்பில் கட்டபொம்மன் என்ன பேசினார் என்பது சொல்லுக்குச் சொல் நமக்குக் கிடைக்கவில்லை. கும்பெனி அதிகாரிகள் துபாஷியை நடுவில் வைத்துக்கொண்டு பேசுவதே வழக்கம். கட்டபொம்மனின் வீட்டு மொழி தெலுங்கு. ஆங்கிலம் ஒருபுறம், தெலுங்கும் தமிழும் மறுபுறம், நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளர். கோபம்கூட இன்னொருவர் வாய் வழியாக ஆறிப்போய்த்தான் போய்ச் சேர்ந்திருக்கும். சக்தி கிருஷ்ணசாமி செய்த முதல் காரியம் அந்தத் துபாஷியை அறையை விட்டு வெளியே அனுப்பியது. ஜாக்சனுக்குத் தமிழ் கொடுத்தார், அதுவும் இலக்கணத் தமிழ். இருவரும் நேருக்கு நேர் நின்றார்கள். வரலாற்றாசிரியர் இதைப் பிழை என்பார். நாடகக்காரருக்கு வேறு வழியே கிடையாது.

பிறகு நடந்தது இன்னும் சுவாரஸ்யம். கட்டபொம்மன் நடந்ததை எழுதிச் சென்னைக் கவர்னருக்கு மனு அனுப்பினார். விசாரணைக் குழு அமைந்தது. இராமநாதபுரக் கைகலப்புக்குக் கட்டபொம்மன் பொறுப்பல்ல என்று முடிவாகி, வேலையை இழந்தவர் ஜாக்சன். அந்த இடத்துக்கு லூஷிங்டன் வந்தார். படத்தில் பேச்சால் தோற்கிற துரை, நிஜத்தில் ஒரு மனுவால் தோற்றிருக்கிறார். மனு எழுதுகிற கட்டபொம்மனைத் திரையில் காட்டினால் கொட்டகை கலகலத்துப்போகும் என்று பந்துலுவுக்குத் தெரிந்திருக்கும். எனக்கென்னவோ அந்தக் காட்சியையும் ஒருநாள் யாராவது எடுத்தால் தேவலை என்று தோன்றுகிறது.

வெற்றி நீடிக்கவில்லை. 1799 செப்டம்பரில் மேஜர் பானர்மேன் பாஞ்சாலங்குறிச்சியைத் தாக்கினார். அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் மற்றப் பாளையக்காரர்களைக் கூட்டி வைத்துக் குற்றச்சாட்டை வாசித்து, பிடிபட்ட கட்டபொம்மனைப் புளியமரத்தில் தூக்கிலிட்டார். அடுத்த நாள் பானர்மேன் மேலிடத்துக்கு எழுதிய கடிதம் இருக்கிறது. கால்டுவெல் தம் திருநெல்வேலி வரலாற்றில் எடுத்துத் தந்திருக்கிறார். தூக்குப் போட்டவனே எழுதிய சாட்சியம் அது. அதில் கட்டபொம்மனின் நடை இருக்கிறது, கலங்காத தோற்றம் இருக்கிறது. எட்டயபுரத்தாரையும் சிவகிரியாரையும் அடிக்கடி பார்த்த பார்வையில் இருந்த வெறுப்பு இருக்கிறது. இருபுறமும் நின்ற பாளையக்காரர்கள் மேல் இகழ்ச்சியோடு கண்ணை ஓட்டிக்கொண்டே போனான் என்று இருக்கிறது. எதிரியும் மறைக்க முடியாத கம்பீரம். ஆனால் அந்தக் கடிதத்தில் நமக்குக் கிடைப்பதெல்லாம் கண்தான், வாய் இல்லை.

படத்தின் இடம் அங்கேதான். பார்வையைப் பதிவு செய்தவர்கள் பேச்சை விட்டுவிட்டார்கள். கதைப்பாடலும் கும்மியும் பாடி மக்கள் அதில் ஒரு பகுதியை நிரப்பினார்கள். ம. பொ. சிவஞானம் புத்தகம் எழுதினார், படத்துக்கும் துணை நின்றார். ஏறத்தாழ நூற்று அறுபது ஆண்டு கழித்துச் சேலத்துப் பொருட்காட்சி மேடையில் வாய் கிடைத்தது. நடந்தது இதுதானா என்று கேட்டால், இல்லை. அந்தப் பார்வைக்குப் பொருத்தமான பேச்சா என்று கேட்டால், ஆம் என்பேன்.

ஆங்கிலத்தில் இதற்கு அருகில் வருகிற படம் லாரன்ஸ் ஒலிவியேயின் 'ஐந்தாம் ஹென்றி', 1944. அதுவும் நாடகத்திலிருந்து வந்தது. அதிலும் சண்டையைவிடப் பேச்சுக்குத்தான் பெயர். ஒரு வித்தியாசம் கவனியுங்கள். ஹென்றியின் பெரிய பேச்சு தன் படையைப் பார்த்து. களைத்துப்போன வீரர்களை எழுப்பிவிட்டால் போரில் ஜெயிக்கலாம், ஜெயிக்கவும் செய்கிறான். கட்டபொம்மனின் பெரிய பேச்சு எதிரியைப் பார்த்து. அங்கே எழுப்புவதற்குத் தன் படை இல்லை. அந்தப் பேச்சால் ஒரு வெள்ளைச் சிப்பாய்கூட மனம் மாறப்போவதில்லை. தோற்கப்போகிற போர் என்று படம் பார்க்கிற எல்லோருக்கும் தெரியும். அப்படியும் பேசுகிறான். போர்க்களத்தில் கிடைக்காத வெற்றியை அந்த அறையில் முன்கூட்டியே எடுத்துக்கொள்கிறான் என்று எனக்குப் படுகிறது. அதனால்தான் பிறகு வருகிற பீரங்கிக் காட்சிகளில் எனக்கு மனம் ஒட்டுவதில்லை. ஜெயித்தாகிவிட்டது, இனி நடப்பது உடம்புக்கு நடப்பது.

சொற்களின் படத்தைப் புகழ்ந்துகொண்டிருக்கும்போது ஊமைத்துரையைச் சொல்லாமல் விடக்கூடாது. அவருக்குப் பேச்சு வராது என்பது பெயரிலேயே இருக்கிறது. அண்ணன் தூக்கில் போனபின் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து 1801 பிப்ரவரியில் தப்பி, இடித்துத் தரைமட்டமாக்கிய பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைச் சில நாட்களில் மீண்டும் எழுப்பி, கும்பெனிப் படையை மாதக்கணக்கில் திணறடித்தவர். அவரை எதிர்த்துப் போரிட்ட ஜேம்ஸ் வெல்ஷ் என்ற அதிகாரி தன் நினைவுக் குறிப்பில் அவரைப் பற்றி வியந்து எழுதியிருக்கிறார். எப்படிக் கட்டளை கொடுப்பார் தெரியுமா? வைக்கோல் துரும்பைப் பொறுக்கி இடது உள்ளங்கையில் அடுக்குவார். அதுதான் வெள்ளைக்காரன் படை. வலது கையால் ஒரே வீச்சில் அதைத் துடைத்து எறிந்து, வாயால் 'விஸ்' என்று ஒரு சத்தம். தாக்கு என்று அர்த்தம். ஒரு சொல் இல்லை. ஆட்கள் பாய்வார்கள்.

அண்ணனைவிடப் பெரிய போராளி தம்பிதான் என்று சொல்லும் வரலாற்று வாசகர்கள் உண்டு. நான் அந்தக் கட்சி. ஆனால் அவரைக் கதாநாயகனாக வைத்து 1959இல் ஒரு தமிழ்ப் படம் ஓடியிருக்குமா? வசனம் எழுதி விற்கிற காலத்தில் உள்ளங்கைத் துரும்பை யார் வாங்குவார்கள்? இன்றைக்கு எடுக்கலாம். இங்கே யாராவது தம்பி சினிமா எடுக்கும் யோசனையில் இருந்தால் இந்த யோசனையை இலவசமாக வைத்துக்கொள்ளட்டும்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். ஜெய்ப்பூர் மணலும் குன்றும் கரிசல் காடு ஆகாது. ஓட்டப்பிடாரம் பக்கம் போய் வந்த யாருக்கும் அது உறுத்தும். ஜெமினி கணேசனும் பத்மினியும் வருகிற காதல் பகுதி, கு. மா. பாலசுப்பிரமணியம் எழுதி ஜி. ராமநாதன் இசைத்த பாட்டுகளால் பிழைத்துக்கொள்கிறது. பாட்டை எடுத்துவிட்டால் கதை அங்கே உட்கார்ந்துவிடும். எட்டயபுரத்து எட்டப்பனை வி. கே. ராமசாமி பிரமாதமாகச் செய்தார். பிரமாதமாகச் செய்ததன் பலன், துரோகி என்றால் தமிழ்நாட்டில் ஒரே பெயர்தான் என்று ஆகிவிட்டது. கும்பெனிப் பக்கம் நின்ற பாளையக்காரர் அவர் ஒருவர் மட்டும் இல்லை. சிவகிரிக்காரர் இருந்தார், வேறு பலர் இருந்தார்கள். ஒரு சினிமா வில்லன் அவர்கள் எல்லோருடைய பழியையும் சுமந்தான். கட்டபொம்மனையே கொள்ளைக்காரன் என்று தமிழ்வாணன் புத்தகம் போட்டதும் உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். ஒரு பக்கம் இவ்வளவு உயர்த்தினால் இன்னொரு பக்கம் அப்படி ஒரு குரல் கிளம்பத்தான் செய்யும்.

அதே 1959 மே மாதத்தில் கண்ணதாசன் 'சிவகங்கைச் சீமை'யை வெளியிட்டார். மருது சகோதரர்களின் கதை. அதே போர்தான், அடுத்த அத்தியாயம். பாட்டெல்லாம் இன்றும் நிற்கிறது. கட்டபொம்மன் எதிரே அந்தப் படத்தால் நிற்க முடியவில்லை. நிதானமாகப் பார்த்தால் அது ஒன்றும் மோசமான படமில்லை. எதிரே வந்து நின்றது அப்படிப்பட்ட ஆள், என்ன செய்வது?

நம் மலைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று ஒரு தம்பி வாசலில் கேட்டார். உண்டு. சேலம் சீமை கும்பெனி கைக்கு வந்தது 1792இல், திப்பு சுல்தானோடு செய்த ஸ்ரீரங்கப்பட்டின உடன்படிக்கையில். இராமநாதபுரச் சந்திப்புக்கு ஆறு வருஷம் முந்தியே இந்த சேர்வராயன் மலை வெள்ளைக்காரன் கணக்குப் புத்தகத்தில் ஏறியாயிற்று. 1820களில் இங்கே காப்பியைக் கொண்டு வந்து நட்டவர் காக்பர்ன். அவர் யார்? சேலம் கலெக்டர். ஜாக்சன் வகித்த அதே உத்தியோகம். காப்பி நல்ல விஷயம்தான், காலையில் நானும் இரண்டு டம்ளர் குடித்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன். ஆனால் நட்டது யார், களை பறித்தது யார், பழம் பறித்தது யார், கணக்கு எழுதியது யார் என்று கேட்டுக்கொண்டு போனால், ஜாக்சனிடம் கேட்ட அதே பட்டியலுக்குத்தான் வந்து சேருவோம். திருவிழாக் கூம்பு ஒலிபெருக்கியில் அந்த வசனம் வந்தபோது எஸ்டேட்டில் கூடையோடு நின்றவர்கள் தங்களுக்குள் பார்த்துச் சிரித்துக்கொண்டதை நான் கண்டிருக்கிறேன். எந்தத் துரையை நினைத்துச் சிரித்தார்கள் என்று நான் கேட்டதில்லை.

கடைசியாக ஒன்று. கயத்தாற்று விசாரணைக் காட்சிதான் ஜாக்சன் காட்சியைவிட உயர்ந்தது என்று வாதாடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஜாவர் சீதாராமன் பானர்மேனாக நடித்த காட்சி. நான் ஒப்புக்கொள்வதில்லை. அங்கே கட்டபொம்மன் நம்மைப் பார்த்துப் பேசுகிறான், 1959இன் சுதந்திர இந்தியாவைப் பார்த்துப் பேசுகிறான். முடிவு தெரிந்தவனுடைய பேச்சு அது. அழகாக இருக்கிறது, கண்ணீர் வருகிறது, ஆனால் எதிராளிக்கு அங்கே வேலையில்லை. ஜாக்சன் எதிரே நின்றபோது அடுத்து என்ன வரும் என்று பேசுகிறவனுக்கே தெரியாத மாதிரி ஒரு துடிப்பு இருந்ததே, அது கயத்தாற்றில் இல்லை. 2015இல் டிஜிட்டலாகப் புதுப்பித்து மறுபடி வெளியிட்டபோது, அந்தப் பெரிய ஒலியில் கேட்டும் என் தீர்ப்பு மாறவில்லை.

கயத்தாறு கட்சிக்காரர்கள் இங்கே இருப்பார்கள் என்று தெரியும். எட்டப்பனுக்காக வாதாட ஒரு பெரியவர் முன்வரிசையில் வெகுநேரமாகக் கையைத் தூக்கிக்கொண்டே இருக்கிறார். முதலில் அவர் பேசட்டும், மைக்கை அவரிடம் கொடுங்கள்.